உலக்கை நிற்கும் நாள்

24 நவம்பர், ஞாயிறு

இன்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காலை பத்து மணிக்கு எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் என் முதல் பேச்சு. தலைப்பு 'அன்றாட இயற்பியல்'. மொத்தம் ஐந்து ஞாயிறுகள். நூலகர் ரோசலின் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் இரண்டு மாதமாகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டு இயற்பியல் நடத்தியவன்தான். ஆனால் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகக் கேட்பவர்கள், குறுக்கே பேசமாட்டார்கள். நூலகத்துக்கு வருகிற தையற்காரரும் தபால்காரரும் குடும்பப் பெண்களும் தெரிந்துகொள்ளும் ஆசையில் வருகிறார்கள். அவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஈர்ப்பு மையம் பற்றிப் பேசினேன். ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழே ஒரு நூலைத் தொங்கவிட்டால், நூல் அடிப்பரப்புக்குள் விழும்வரை பொருள் நிற்கும். வெளியே போனால் சாயும். குடம் ஏன் நிற்கிறது, ஊசி ஏன் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டு அத்தோடு முடித்திருக்க வேண்டும். பழக்கதோஷம், வகுப்பில் ஆண்டுதோறும் சொன்ன வாக்கியம் வந்துவிட்டது: "கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கிறது என்கிறோமே, அது கிரகணத்தின் சக்தி அல்ல. அடி சமமாக இருக்கும் உலக்கை எந்த நாளிலும் நிற்கும்."

இரண்டாம் வரிசையில் பேச்சியம்மாள் எழுந்தார். நூலகத்துக்கு அடுத்த வீடு. மிளகாயும் மல்லியும் கையால் இடித்துப் பொடியாக்கிக் கடைகளுக்குக் கொடுப்பவர். வாரப் பத்திரிகை படிக்கத் தவறாமல் வருவார்.

"அப்ப இன்னிக்கும் நிக்குமா சார்?"

"நிற்கும்."

"நீங்க நிறுத்திப் பாத்திருக்கீங்களா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"எங்க வீட்டுல நாப்பது வருசமா நிறுத்துறோம் சார். மொதல்ல எங்க மாமியா, இப்ப நான். கிரகணம் புடிச்சதும் நிக்கும், விட்டதும் விழுந்துரும். மத்த நாள்ல செவுத்துல சாத்தித்தான் வெக்கிறோம். நிக்கிற சாமானா இருந்தா எதுக்குச் சாத்தணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரோசலினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "சார், டிசம்பர் இருபத்தாறு வியாழக்கிழமை சூரிய கிரகணம். அதுக்கு முந்தின ஞாயிறு, இருபத்திரண்டு, நம்ம கடைசிக் கூட்டம். அன்னைக்கே நீங்க நிறுத்திக் காட்டிடுங்களேன்!"

நான் பதில் சொல்வதற்குள் வாசல் கரும்பலகையில் எழுதிவிட்டார்: 'டிசம்பர் 22: உலக்கை நிற்கும்.' ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்கலாம்.

25 நவம்பர், திங்கள்

எங்கள் வீட்டில் உலக்கை இல்லை. பேச்சியம்மாளிடம் இரண்டு உண்டு. ஒன்றை இரவல் கேட்டேன். "உங்களுக்கு எதிரா சாட்சி சொல்றதுக்கு என்கிட்டயே ஆள் கேக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அளவுகள். நீளம் 140 செ.மீ. அடியில் இரும்புப் பூண். குறுக்களவு 5 செ.மீ. ஈர்ப்பு மையம், கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்ததில், அடியிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆகவே உலக்கை நேர்நிலையிலிருந்து இரண்டு பாகைவரை சாயலாம். அதாவது அதன் உச்சி எந்தப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் விலகும்வரை விழாது. குறுகிய இடம்தான். ஆனால் இடம் இருக்கிறது.

இருபது முறை முயன்றேன். நிற்கவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டு ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. அது இன்றைக்குத்தான் உறைக்கிறது.

26 நவம்பர், செவ்வாய்

அமாவாசை. சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமிருந்து இழுப்பதால்தான் உலக்கை நிற்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்ததும் தையற்காரர் சொன்னார். ஏறக்குறைய அதே இழுப்பு ஒவ்வொரு அமாவாசையிலும் உண்டு. இன்றும் நிற்கவில்லை. ஆக இரு கட்சிக்கும் தோல்வி.

28 நவம்பர், வியாழன்

ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்று கொடுக்க வங்கிக்குப் போனேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை போடச் சொன்னார் குமாஸ்தா. வங்கியில் நூல் கட்டி வைத்திருக்கும் பேனா. அதில் யார் எழுதினாலும் அப்படித்தான் வரும். நான்காவது முறை, "நேர்லயே வந்துட்டீங்க சார், போதும்" என்றார்.

மாலையில் பதினைந்து முயற்சி. இல்லை.

1 டிசம்பர், ஞாயிறு

இரண்டாம் பேச்சு: வெப்பமும் வெப்பநிலையும். கொதிக்கிற ஒரு தம்ளர் தண்ணீரைவிட வெதுவெதுப்பான ஓர் அண்டாத் தண்ணீரில் வெப்பம் அதிகம். ஆனால் வெப்பநிலை குறைவு. விரலைச் சுடுவது வெப்பநிலை. குளிக்கப் போதுமா என்பதைச் சொல்வது வெப்பம். இது அவர்களுக்குப் பிடித்தது. எனக்குத் திருப்தி இல்லை. எல்லோருடைய கண்ணும் வாசல் கரும்பலகையில் இருப்பதாகவே தோன்றியது.

பேச்சு முடிந்ததும் காபி. டபராவில் பாதி கொட்டிவிட்டது. விளிம்புவரை ஊற்றிவிடுகிறார்கள்.

4 டிசம்பர், புதன்

முறையாகப் போவதென்று முடிவு செய்தேன். விழுவதற்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும்.

முதலில் தரை. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். கூடத்துத் தரை வாசல் பக்கம் சிறிது சரிகிறது. கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காக. இவ்வளவு நாள் சரிவில் நிறுத்த முயன்றிருக்கிறேன்! மகிழ்ச்சியாக இருந்தது. பூஜை அறைத் தரை மட்டமானது. அங்கே இருபது முயற்சி.

இல்லை.

என் மனைவி இந்திராணி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ஒருவாட்டி வெச்சுப் பாக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஆளை மாற்றினால் பரிசோதனையில் இன்னொரு மாறுபாடு சேர்ந்துவிடும். அவள் உள்ளே போனாள்.

5 டிசம்பர், வியாழன்

மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னல்களைச் சாத்திவிட்டு, 25 முயற்சி. வியர்வை மட்டும்தான்.

8 டிசம்பர், ஞாயிறு

மூன்றாம் பேச்சு: வேலை என்றால் என்ன. விசை ஒரு பொருளை நகர்த்தினால்தான் இயற்பியலில் அது வேலை. தலையில் சுமையோடு அசையாமல் நிற்பவர் அந்தச் சுமையின் மேல் செய்யும் வேலை பூஜ்யம்.

"ஒரு மணி நேரம் உலக்கையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு சும்மா நின்னாலும் பூஜ்யமா சார்?" என்றார் பேச்சியம்மாள்.

"உலக்கைக்கு நீங்கள் செய்த வேலை பூஜ்யம்தான். உங்கள் தசைகள் உள்ளுக்குள்ளே சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், அதனால்தான் களைப்பு."

"அப்ப எங்க வீட்டுக்காரரு கட்டில்ல படுத்துக்கிட்டு 'நானும் வேலைதான் பாக்குறேன்'னு சொல்றது?"

"அது எந்தக் கணக்கிலும் வராது."

கூடமே சிரித்தது. நான் சொல்லி மக்கள் சிரித்தது வாழ்நாளில் இரண்டாம் முறையாக இருக்கும். அந்தச் சிரிப்பிலேயே வீடு வந்து சேர்ந்திருக்கலாம். வாசலில் தபால்காரர் தோளைத் தட்டி, "இருவத்திரெண்டாந் தேதி ஊருல இருந்து மச்சானையும் கூட்டிட்டு வர்றேன் சார்" என்றார்.

12 டிசம்பர், வியாழன்

பூணின் ஒரு விளிம்பு தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். இடித்து இடித்து ஒரு பக்கம் மழுங்கியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஒளி கசிகிற இடத்தைக் குறித்து, பேச்சியம்மாளின் அனுமதியோடு பட்டறையில் கொடுத்துச் சமமாக ராவி வாங்கினேன். இப்போது ஒரு மயிரிழைகூட இடைவெளி இல்லை.

30 முயற்சி. இல்லை. இல்லை. இல்லை.

ஒருமுறை நின்றுவிட்டதென்றே நினைத்தேன். கையை எடுக்கிற கணத்தில் உலக்கையின் உச்சி சிலிர்த்தது போல அசைந்து சாய்ந்தது. எடுக்கும்போதுதான் தவறு நேர்கிறது. விரல்களை ஒரே சமயத்தில் விலக்க வேண்டும். மரத்தில் ஏதோ அதிர்வு மிஞ்சுகிறது.

முகம் மழிக்கையில் இரண்டு இடத்தில் வெட்டு. புது பிளேடு.

15 டிசம்பர், ஞாயிறு

நான்காம் பேச்சு: கிரகணம். ஓர் எலுமிச்சம்பழத்தைக் கண்ணருகே பிடித்தால் தூரத்துக் கோபுரத்தையும் மறைத்துவிடலாம். சூரியன் சந்திரனைவிடச் சுமார் நானூறு மடங்கு பெரிது. சுமார் நானூறு மடங்கு தொலைவு. அதனால் வானத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரிகின்றன. வரும் வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன், சந்திரன் சற்று எட்டப் போயிருக்கும். முழுதாக மூட முடியாமல் விளிம்பு வளையமாக மிஞ்சும். நம் ஊரிலேயே அது தெரியப்போகிறது, வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது என்றெல்லாம் சொன்னேன்.

கரும்பலகையில் வட்டம் வரைய வேண்டியிருந்தது. ரோசலின் வந்து, "நான் வரையறேன் சார், நீங்க சொல்லுங்க" என்று சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டார். நான் கேட்கவில்லை. எதற்காக அப்படிச் செய்தாரென்று தெரியவில்லை. அவமதிப்பாக இருந்தது.

கை இரண்டையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேசுவது நல்ல பழக்கமல்ல என்று மாணவர்களைக் கண்டித்திருக்கிறேன். இப்போது நானே அப்படித்தான் பேசுகிறேன்.

19 டிசம்பர், வியாழன்

இதுவரை 312 முயற்சிகள். ஒன்றுகூட இல்லை.

கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டு பாகை. எங்கும் தவறு இல்லை. ஆனால் கணக்குச் சரியாக இருந்து உலகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், கணக்கில் எதையோ விட்டிருக்கிறோம் என்றுதான் பொருள். இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நான் தோற்பது பெரிதல்ல. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் மானம் எத்தனை நாளைக்கு? ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அது விழுந்து, வியாழக்கிழமை பேச்சியம்மாள் கையில் நின்றால், கிரகணத்தில்தான் உலக்கை நிற்கும் என்பதை நானே நிரூபித்துக் கொடுத்தவனாவேன். பஞ்சாங்கம் செய்யாததை இயற்பியல் பேராசிரியர் செய்திருப்பார்.

ரோசலினிடம் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? இந்திராணியிடம் கேட்டேன். "சொல்லுங்க. ஆனா அப்புறம் நீங்க எத்தனை நாளைக்குக் காய்ச்சலாவே இருப்பீங்க?" என்றாள்.

22 டிசம்பர், ஞாயிறு

நாற்பது பேருக்கு மேல். தபால்காரரின் மைத்துனர் உட்பட.

மேசையை ஓரமாகத் தள்ளி, தரையின் மட்டத்தைச் சரிபார்த்து, மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். முதல் முயற்சியில் விழுந்தது. இரண்டாவதில் விழுந்தது. மூன்றாவது முறை யாரோ "ம்ம்ம், நிக்கிது" என்றார்கள், விழுந்தது. ஐந்தாவது முயற்சிக்குப் பின் பேச்சு அடங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் விழும் சத்தம் மட்டும். பதினோராவது முயற்சியில் என் கால்விரல் மேலேயே விழுந்தது.

"சார், டீ வந்துருச்சு" என்றார் ரோசலின். டீ வந்திருக்கவில்லை. ஓட்டமாகப் போய்ச் சொல்லி வாங்கிவந்தார்.

பேச்சியம்மாள் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உலக்கையை எடுத்துச் சுவரில் சாத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "விடுங்க சார். இன்னும் நாலு நாளுதானே. வியாழக்கிழமை நிக்கும்."

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

23 டிசம்பர், திங்கள்

உலக்கையைத் திருப்பிக் கொடுத்தேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

26 டிசம்பர், வியாழன்

வீட்டிலேயே இருந்துவிடத்தான் எண்ணினேன். ஆனால் இனி இப்படி ஒரு வளையத்தை என் ஊரில் நான் பார்க்கப்போவதில்லை.

எட்டு மணி சுமாருக்குத் தொடங்கியது. நூலகத்து முன்னால் புங்க மரம். அதன் இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை. ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தைத் தரையில் விழச்செய்யும். மற்ற நாட்களில் அவை வட்டமாக விழுவதால் வெறும் வெளிச்சப் புள்ளி என்று மிதித்துப் போகிறோம். இன்று அவை முதலில் கடித்த அப்பளமாயின, பிறகு பிறையாயின. ஒன்பதரை மணிக்கு அத்தனையும் வளையங்கள். சிமெண்டுத் தரை முழுக்க, சுவரில், நிறுத்தியிருந்த மிதிவண்டியின் இருக்கையில், ஆயிரக்கணக்கான ஒளி வளையங்கள். சுற்றிலும் சூடில்லாத மங்கிய வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தேன். தெருவே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பேச்சியம்மாள் வாசலில் பித்தளைத் தாம்பாளம், மஞ்சள் தண்ணீர், நடுவில் உலக்கை. நான் பூணைச் சமமாக ராவி வாங்கிக் கொடுத்த அதே உலக்கை.

நின்றுகொண்டிருந்தது.

"எத்தனாவது தடவையில?" என்று கேட்டேன்.

"மொதத் தடவை சார். வெச்சேன், கைய எடுத்தேன்."

தையற்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை கிரகணம் வந்திருந்தா உங்களுக்கும் நின்னுருக்கும் சார்" என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கடைசிவரை அங்கேயே நின்றேன். பதினொன்றே காலுக்குச் சூரியன் முழு வட்டம். அட்டைத் துளை வழியே சுவரில் விழவிட்டு உறுதி செய்துகொண்டேன். உலக்கை நின்றது. கூட்டம் கலைந்தது. பதினொன்று இருபதுக்கும் நின்றது. பதினொன்று இருபத்தைந்துக்குப் பேச்சியம்மாள் உள்ளிருந்து வந்து, "விட்டுருச்சுல்ல?" என்று கேட்டு உலக்கையைக் கையால் எடுத்துக் கழுவப் போனார்.

விழவில்லை. அவரே எடுத்தார்.

பத்து நிமிடம். கிரகணம் இல்லாத சாதாரண வியாழக்கிழமையின் பத்து நிமிடம், அது நின்றிருக்கிறது. பார்த்தவன் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

27 டிசம்பர், வெள்ளி

அதே உலக்கை. அதே பூண். தாம்பாளமும் தண்ணீரும் உதவுமா? வீட்டுத் தாம்பாளத்தில் தடிக்கம்பை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் வழுக்குகிறது, உதவவில்லை. தரை அவர் வாசலில் என் பூஜை அறையைவிட மோசம். காற்றும் இருந்தது.

எல்லாவற்றையும் நீக்கியாயிற்று. மிச்சம் என்ன என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பேனா சரியில்லை.

29 டிசம்பர், ஞாயிறு

காலையில் இந்திராணி காபி கொண்டுவந்தாள். டபரா தம்ளர் இல்லை; பிடி வைத்த பெரிய கோப்பை. பாதிதான் ஊற்றியிருந்தாள்.

"இதென்ன புதுசா?" என்றேன்.

"புதுசா? ஒரு மாசமா இதுலதான் குடிக்கிறீங்க."

அவள் போகவில்லை. எதிரே உட்கார்ந்தாள். இந்த நாட்குறிப்பு அவள் மடியில் இருந்தது.

"ஏங்க, தரை எழுதிருக்கீங்க. காத்தாடி எழுதிருக்கீங்க. பூணு, மரம், சன்னல், பிளேடு, பேங்க்குப் பேனா. ஒண்ணு விடாம எழுதிருக்கீங்க. கைய எப்ப எழுதுவீங்க?"

கையிலிருந்த கோப்பை மேசை விளிம்பில் தட்டித் தடதடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தேன்.

"நீ முன்னாலேயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம். 'நான் வெச்சுப் பாக்கட்டுமா'ன்னு கேட்டேன். நீங்க மாறுபாடுன்னீங்க."

முப்பத்து நான்கு ஆண்டு, ஒரு கருவி தவறான அளவு காட்டினால் முதலில் கருவியைச் சந்தேகி என்று சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பரிசோதனையில் உலக்கையைப் பிடித்திருந்த கருவி எது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததா? தெரியும். எழுதாமல் இருந்தால் இல்லாமல் போகும் என்று இருந்துவிட்டேன்.

என் வலது கை நடுங்குகிறது. எழுதிவிட்டேன்.

2 ஜனவரி, வியாழன்

டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள் இந்திராணி.

அதற்கு முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. இரண்டு நாளாக அதைச் சுற்றிச்சுற்றி வருகிறேன். நாற்பது பேர் ஒரு பொய்யை என் மூலமாகத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் சொன்னால் நம்புவார்களா? தோற்றவன் சொல்லும் சாட்சி. மாட்டார்கள். உலக்கை ஞாயிற்றுக்கிழமை விழுந்ததற்குக் காரணத்தைச் சொன்னால்தான் வியாழக்கிழமை நின்றதற்குக் காரணம் விளங்கும். அந்தக் காரணம் என் மணிக்கட்டில் இருக்கிறது.

நூலகத்துக்குப் போய் ரோசலினிடம் இந்த ஞாயிறு பத்து நிமிடம் கேட்டேன்.

"தாராளமா சார். என்ன தலைப்பு போடட்டும்?"

"ஒன்றும் போடாதீர்கள்."

5 ஜனவரி, ஞாயிறு

இருபது பேர் இருந்தார்கள். குறைவு என்பதில் ஆறுதல். மைத்துனர் வரவில்லை.

கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்: "போன மாசம் இங்க உலக்கை விழுந்துச்சு. அது உலக்கையோட குத்தம் இல்லை, நாளோட குத்தமும் இல்லை. என் கை நடுங்குது. கொஞ்ச நாளாவே நடுங்குது. அதை உங்ககிட்ட மறைச்சேன். அதனால நீங்க தப்பா ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டீங்க. மன்னிக்கணும்."

சொல்லிவிட்டு நின்றேன். கையைக் கால்சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ரோசலின் தரையைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பேச்சியம்மாள் எழுந்து முன்னால் வந்தார். என் கையைக் கூர்ந்து பார்த்தார், பொடியில் உமி கிடக்கிறதா என்று பார்ப்பது போல.

"இதைச் சொல்றதுக்கா சார் இத்தனை நாளு? அன்னிக்கே சொல்லிருந்தா நானே நிறுத்திக் காட்டியிருப்பேனே."

"இப்ப நிறுத்துவீங்களா?"

அவர் தயங்கினார். "இன்னிக்கு நிக்காது சார். நிக்கலைன்னா உங்களுக்கு இன்னொரு அவமானம்."

"உங்க கையிலயும் விழுந்தா நான் சொன்னது பொய். ஒத்துக்கிறேன். ஆனா உங்க கை வேணும். கடனாக் குடுங்க."

வீட்டுக்குப் போய் உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். தாம்பாளம் இல்லை, மஞ்சள் இல்லை. மின்விசிறியை நிறுத்தப்போன தையற்காரரை, "ஓடட்டும்ப்பா, கிரகணத்தன்னிக்கு காத்தையா நிறுத்துறோம்?" என்று அதட்டினார்.

முதல் முறை சாய்ந்தது. பிடித்துக்கொண்டார். இரண்டாம் முறை, நிறுத்தி, இரண்டு விரலால் உச்சியைத் தொட்டு, ஏதோ தூங்குகிற பிள்ளையின் தலையிலிருந்து கையை எடுப்பதுபோல எடுத்தார்.

நின்றது.

பேச்சியம்மாள் இரண்டடி பின்வாங்கினார். நிற்கிற உலக்கையைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"மேடம், இன்னிக்கு என்ன திதி?"

ரோசலின் நாட்காட்டியைப் பார்த்தார். "தசமி. வளர்பிறை."

"தசமிக்கு ஒரு கிரகணமும் புடிக்காதே!" உலக்கையை ஒருமுறை சுற்றிவந்து சிரித்தார். "இருவது வருசமா தினம் இதைத் தூக்கி இடிக்கிறேன். ஒரு நாளாவது நிறுத்திப் பாப்போம்னு தோணலையே சார் எனக்கு!"

"எனக்கும் தோணலை. நான் முப்பத்து நாலு வருசம்."

தையற்காரர் வந்து உலக்கையைத் தள்ளிவிட்டு, தானே நிறுத்தினார். மூன்றாவது முறை நின்றது. தபால்காரருக்கு ஏழு முறை ஆனது. ரோசலினுக்கு முதல் முறையே. வரிசை கட்டி நின்றார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதில் இருந்த மரியாதை எனக்குப் புரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் எத்தனையாவது முயற்சி என்று குறித்துக்கொண்டேன். எழுத்து கோணல்தான்.

ஒரு மணிக்கு நூலகம் சாத்த வேண்டும். உலக்கை நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. தள்ள யாருக்கும் மனம் வரவில்லை.

"சார், இதெல்லாம் சரி" என்றார் பேச்சியம்மாள். "ஆனா அடுத்த கிரகணத்துக்கு நான் நிறுத்தத்தான் செய்வேன். சொல்லிப்புட்டேன்."

"நிறுத்துங்க."

"நிக்கும்ல?"

"நிக்கும்."

"அது போதும்" என்று உலக்கையைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டார். "எனக்கு மல்லி காயுது."

6 ஜனவரி, திங்கள்

டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். ஒரு தாளில் கோடு போடச் சொன்னார். போட்டேன். நரம்பு மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் தந்தார். பார்த்த பிறகுதான் சொல்ல முடியுமாம்.

"எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

"ஐப்பசியிலிருந்து" என்றேன்.

"போன மாசியிலிருந்து" என்றாள் இந்திராணி.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டு மாத வித்தியாசம். அவள் சொன்னதையே எழுதிக்கொள்ளும்படி டாக்டரிடம் சொன்னேன்.